பள்ளிக்கூடத்தில் பாட்டும் கதையும்

(ஒரு கிராமப் படிப்பகத்தில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



சிறு குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி என்னைப் பேசும்படி இந்தப் படிப்பகத்துத் தோழர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். நான் பிரசங்கியல்ல. முப்பத்திரண்டு வருஷ காலம் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் உபாத்தியாயராக இருந்து, ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவன். ஆதலால் பெரிய ஆராய்ச்சி எதையும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். கண்டதைச் சொல்லுகிறேன். இவன் வாத்தியார், இவன் சொன்னால் சரியாகத்தான் இருக்குமென்று நம்பிவிடாமல், உங்கள் வீட்டுக் குழந்தையை வைத்துச் சோதித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

நான் இங்கு வந்து இறங்கினதும் நம் தோழர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னய்யா! பகுத்தறிவு பேசுகிற இடத்துக்கு வந்து, நரி பேசிற்று, காக்காய் பாடிற்று என்கிற கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று சொல்லப் போகிறீரா? பேயும் பூதமும் ராஜாவும் மந்திரியும் வேண்டாமென்றுதானே இத்தனை காலம் தொண்டை வற்றக் கத்தினோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்லாமல் மேற்கொண்டு பேச எனக்கு யோக்கியதை இல்லை.

தோழர்களே! கொட்டாங்கச்சியில் மண்ணைப் போட்டுச் சோறாக்கி விளையாடுகிற குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். அது உங்களுக்கும் ஒரு வாய் ஊட்ட வரும். நீங்களும் சாப்பிடுவது போலப் பாவனை செய்வீர்கள். ஆனால் ஐந்து வயதுக் குழந்தை அந்த மண்ணை விழுங்குவதில்லை. விளையாட்டு எது, சாப்பாடு எது என்று அதற்குத் தெரியும். கதையில் காக்காய் பேசுவதும் அப்படித்தான். நம்பிக்கையில்லாவிட்டால், கதை சொல்லி முடித்ததும் மதில்மேல் இருக்கிற காக்காயைக் காட்டி, "போய் அதன் பெயரைக் கேட்டுக்கொண்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

மூடநம்பிக்கை, காக்காய் பேசுவதிலே உற்பத்தியாவதில்லை. வயது வந்த ஒருவன் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "இது உண்மையாகவே நடந்தது, எப்படி நடந்தது என்று கேட்டால் பாவம்" என்று சொல்லுகிறானே, அங்கேதான் உற்பத்தியாகிறது. கேள்வி கேட்க இடம் உள்ள வரையில் பேசுகிற காக்காயால் ஒரு கெடுதியும் இல்லை. கேள்வி கேட்க இடம் இல்லையென்றால் திருக்குறளாய் இருந்தாலும் கெடுதிதான்.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்லுகிறேன் என்றால், நாம் எதைச் சுத்தமான படிப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோமோ அதைப் பற்றி இப்பொழுது சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றாம் வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். நாற்பது குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஒரே குரலில் ஒரு செய்யுளைக் கத்துவார்கள். வெளியே போகிறவர்கள் "ஆகா, படிப்பு நடக்கிறது" என்பார்கள். நானும் பத்து வருஷம் அப்படித்தான் கத்த வைத்தேன். ஓர் ஆண்டுவிழாவில் ஒரு பெண் குழந்தை மேடையேறி, இருபது வரிப் பாட்டு ஒன்றைப் பிழையில்லாமல் ஒப்புவித்தது. கைதட்டல் பிரமாதம். இறங்கி வந்ததும் நான் நடுவில் வருகிற ஒரு சொல்லைச் சொல்லி, "இதற்கு என்னம்மா பொருள்?" என்று கேட்டேன். குழந்தை விழித்தது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு பாட்டை முதலிலிருந்து முணுமுணுக்க ஆரம்பித்தது. அந்தச் சொல் பாட்டில் எங்கே இருக்கிறதென்றே அதற்குத் தெரியவில்லை. தலையிலிருந்து ஓடி வந்தால்தான் அந்த இடத்துக்கு வந்து சேர முடியும். பொருள் தெரியாமல் மந்திரம் முணுமுணுக்கிறவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். நம் வீட்டுக் குழந்தை முணுமுணுத்தால் கைதட்டுகிறோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கிலீஷ் மீடியம் என்று பணம் கட்டிச் சேர்க்கிற இடங்களின் சங்கதி இதற்கு மேல். ஏரி வெடித்துக் கிடக்கிற ஊரில், மழையைப் போகச் சொல்லி ஒரு வேற்றுத் தேசப் பாட்டைக் குழந்தை கையை ஆட்டிப் பாடுகிறது. தகப்பனார் விவசாயி, அதைக் கேட்டுப் பூரித்துப் போகிறார். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

மனப்பாடமே கூடாது என்று நான் சொல்லுவதாக யாரும் எண்ண வேண்டாம். பாட்டு வாயில் நிற்க வேண்டியதுதான். அதிலும் சிறு குழந்தைக்குப் பாட்டு செய்கிற வேலை பெரிது. 1983-ல் இங்கிலாந்தில் பிராட்லி, பிரையண்ட் என்கிற இருவர் நான்கு ஐந்து வயதுள்ள சுமார் 400 குழந்தைகளைச் சோதித்து, பிறகு சில வருஷம் தொடர்ந்து கவனித்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சில சொற்களைச் சொல்லி, எந்தச் சொல் மற்றவற்றோடு ஒலியில் சேரவில்லை என்று குழந்தையைக் கேட்பது அவர்களுடைய சோதனை. அதைச் சரியாகச் சொன்ன குழந்தைகளே பிற்காலத்தில் வாசிப்பிலும் எழுத்துக் கூட்டுவதிலும் நன்றாக வந்தார்கள் என்று கண்டார்கள். நம் பாஷையில் இதற்கென்று புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எதுகை, மோனை என்று நாம் சொல்லுவதெல்லாம் என்ன? பெட்டி, கட்டி, குட்டி, பானை என்று சொல்லி, "இதில் சேராத ஆள் யார்?" என்று கேளுங்கள். நான்கு வயதுக் குழந்தை "பானை!" என்று கத்தும். அதற்கு எழுத்துத் தெரியாது. ஆனால் காது தயாராகிவிட்டது. நாளைக்கு நீங்கள் 'ட்டி' என்று கரும்பலகையில் எழுதும்போது, ஏற்கெனவே அறிமுகமான ஆசாமியைப் பார்ப்பது போல அது பார்க்கும். புத்தகத்தைக் கையில் கொடுத்து முதல் எழுத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகிறவர்கள், காதைத் தயார் செய்யாமல் கண்ணை மாத்திரம் வருத்துகிறார்கள்.

அப்புறம் நான் செய்த முறை இதுதான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முதலில் பாடுவது. எனக்குக் குரல் கிடையாது, கழுதைக் குரல்தான். குழந்தைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டாம் நாள், ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லை நான் விட்டுவிடுவேன், அவர்கள் நிரப்புவார்கள். மூன்றாம் நாள் வேண்டுமென்றே தப்பான சொல்லைப் போடுவேன். வகுப்பே எழுந்து நின்று "சார், தப்பு!" என்று சண்டைக்கு வரும். வாத்தியாரைத் தப்பு என்று சொல்லுகிற சந்தர்ப்பம் ஐந்து வயதில் கிடைப்பது சாமானியமான காரியமல்ல. நான்காம் நாள், "இதே மெட்டில் நம் ஊர்ப் பூசணிக்காயைப் பற்றி ஒரு வரி சொல்லு" என்பேன். வருகிற வரி கேட்கச் சகிக்காது. ஆனால் அது குழந்தையின் சொந்த வரி. அதற்குப் பிறகு அச்சில் உள்ள பாட்டைக் காட்டினால், விரலை வைத்துத் தானே படிக்கும். பொருள் சொல்லித் தர வேண்டிய அவசியமே பாதிக்கு மேல் போய்விடும்.

கதைக்கு வருகிறேன். தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஈ கன்றைக் கேட்கும், கன்றின் தாயைக் கேட்கும், மேய்க்கிறவனையும் அவன் கைக்கோலையும் கேட்கும், கோலுக்குரிய மரம், மரத்துக் கொக்கு, கொக்கு வாழும் குளம், குளத்து மீன், மீன் பிடிக்கிறவன், அவன் கைச்சட்டி, சட்டி செய்த குயவர், அவர் கை மண், மண்ணில் முளைத்த புல் என்று போய்க் கடைசியில் புல் தின்னும் குதிரையினிடம் வந்து நிற்கும். குதிரை கனைக்கிற கனைப்பில் ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடும். இதைக் கட்டினவர் யாரோ தெரியாது. எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் படித்திருக்க மாட்டார். ஆனால் பாருங்கள், ஏறக்குறைய பதினைந்து பெயர்களை வரிசை தவறாமல் குழந்தை ஒரு வாரத்தில் சொல்லிவிடுகிறது. ஒப்புவிக்கச் சொல்லி அடிக்க வேண்டியதில்லை. ஏனெனில் ஒவ்வொன்றும் அடுத்ததோடு காரணத்தால் கட்டப்பட்டிருக்கிறது. சட்டி என்றால் அதைச் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும், செய்தவர் இருந்தால் மண் இருக்க வேண்டும். காரண காரியம் என்று நாம் மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறோமே, அதை அந்த ஈ கால் மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

அடுத்தது பாட்டி வடை சுட்ட கதை. இந்தக் கதை நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. ஈசாப் கதைகள் என்று வழங்குகிறவற்றிலும் காக்காயும் நரியும் உண்டு. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்தேன் 1668-ல் வெளியிட்ட தொகுப்பில் இதைப் பாட்டாகவே எழுதியிருக்கிறார். அங்கே வடையில்லை, பாலாடைக்கட்டி. பாட்டியும் இல்லை. அந்தப் பாட்டைப் பிரான்சில் சிறு பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்துவைப்பது வழக்கமாயிருந்தது. ரூசோ 1762-ல் வெளியிட்ட 'எமீல்' என்னும் புத்தகத்தில் இதைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாட்டை வரிவரியாக எடுத்து, இந்தச் சொல் குழந்தைக்குத் தெரியுமா, இந்த அர்த்தம் விளங்குமா என்று கிழி கிழி என்று கிழித்தார். அதோடு நிற்கவில்லை. ஏமாறாதே என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்களென்று நீங்கள் எண்ணுகிறீர்கள், ஆனால் அவர்கள் காக்காயைப் பார்த்துச் சிரித்துவிட்டு நரியின் பக்கமல்லவா சேர்ந்துகொள்கிறார்கள் என்றும் எழுதினார். பெற்ற குழந்தைகளை அநாதை விடுதியில் விட்டுவிட்டு, பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் புத்தகம் எழுதினவர் இந்த ரூசோ. ஆனாலும் சொன்னது மெய்யாக இருக்கிறபடியால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஒப்புக்கொள்ள முடியாதது அவர் செய்த முடிவு. சிறு பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளே வேண்டாம் என்று எடுத்துவிட்டார். கதையை எடுக்க வேண்டியதில்லை, கதைக்குப் பின்னால் நாம் ஒட்டுகிற நீதியைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அதை எனக்குக் கற்பித்தது ரூசோ அல்ல, இரண்டாம் வகுப்பில் படித்த ஒரு குழந்தை. நான் வழக்கம்போல் கதையைச் சொல்லி முடித்து, "இதிலிருந்து நாம் அறிவது என்ன?" என்று கேட்டேன். "முகஸ்துதிக்கு ஏமாறக் கூடாது" என்று நான்கைந்து பேர் புத்தகத்தில் உள்ளபடியே சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், பாட்டிக்கு வடைக் காசு யார் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். அவளுடைய தாயார் பஸ் நிலையத்தருகில் தள்ளுவண்டியில் பலகாரம் போடுகிறவர்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. எத்தனை நூறு தடவை அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! கிழவி ஒருத்தி அடுப்பருகே வெந்து சுட்ட வடையை ஒருவன் திருடுகிறான், திருடினவனை இன்னொருவன் ஏமாற்றுகிறான். திருடின காக்காய்க்குப் புத்தி சொல்லுகிறோம், ஏமாற்றின நரியைக் கெட்டிக்காரன் என்கிறோம். பாடுபட்டவள் முதல் வரியோடு கதையை விட்டுப் போய்விடுகிறாள். அவள் என்ன ஆனாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குழந்தைக்குத் தோன்றிற்று, காரணம் அவளுக்கு வடையின் விலை தெரியும். அன்று வேறு பாடம் நடக்கவில்லை. காக்காய் வேலை செய்து கடனைத் தீர்க்க வேண்டுமென்று சிலர், நரிதானே தின்றது, நரியே கொடுக்க வேண்டுமென்று சிலர், பசித்து வந்த காக்காய்க்குப் பாட்டி ஒரு வடை சும்மாவே கொடுத்திருக்கலாமென்று ஒரு பையன், "அப்படிக் கொடுத்தா மாவுக்குக் காசு நீ தருவியா?" என்று மறுபடியும் அந்தப் பெண். ஏழு வயதில் இந்த வழக்கு நடத்தின குழந்தைகளுக்கு நான் எந்த நீதியைச் சொல்லுவது?

ஆனால் நாட்டுக் கதைகளெல்லாம் தங்கம் என்றும் சொல்லுவதற்கில்லை. நானே செய்த ஒரு தப்பைச் சொல்லுகிறேன். ஆரம்ப காலத்தில், சலவைத் தொழிலாளி ஒருவரையும் அவருடைய கழுதையையும் பற்றின ஒரு கேலிக் கதையை, குரலையெல்லாம் மாற்றி நடித்துக் காட்டினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு பையன் மாத்திரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் கவனிக்கவில்லை. மறுநாளிலிருந்து மற்றப் பிள்ளைகள் அவனைக் கழுதை என்றே கூப்பிட்டார்கள். மூன்று நாள் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. நான்காம் நாள் அவன் தாயார் வந்து வாசலில் நின்று, "கதை சொல்றதுக்கு எங்க தொழில்தானா சார் கிடைச்சுது?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார்கள். நான் செருப்பால் அடிபட்டவன் போல் நின்றேன். சாதியை ஒழிக்க வேண்டுமென்று சாயங்காலம் பேசுகிற வாத்தியார், காலையில் அதே சாதியைக் குழந்தையின் முதுகில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

நம் கதைகளிலும் பழமொழிகளிலும் இது நிறைய உண்டு. இன்ன தொழில் செய்கிறவன் தந்திரக்காரன், இன்னவன் முட்டாள், நொண்டி என்றால் சிரிப்பு, விதவை எதிர்ப்பட்டால் கெடுதி, மாற்றாந்தாய் என்றால் கொடியவள். இரண்டாம் தாயின் கையால் சாப்பிட்டுவிட்டு வந்த குழந்தை உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும், ஞாபகமிருக்கட்டும். கதை சொல்லுமுன் எதிரில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை கண்ணை ஓட்டிப் பார்ப்பதை அதற்குப் பிறகு வழக்கமாக வைத்துக்கொண்டேன். சிறு வகுப்புக்குச் சிட்டுக்குருவி யானையை மடக்கின கதை, முயல் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளின கதை என்று எளியது வலியதை ஜெயிக்கிற கதைகள் ஏராளமாயிருக்கின்றன. மற்றக் கதைகளைப் பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அப்பொழுதும், "எந்தக் கதையிலும் இவனே ஏன் முட்டாளாக வருகிறான்? கதையைக் கட்டினவன் யாராயிருக்கும்?" என்ற கேள்வியோடுதான் கொடுக்க வேண்டும்.

கதையை நாம் சொல்லுவது பாதி வேலைதான். குழந்தையைச் சொல்ல வைப்பது மறுபாதி. இங்கேதான் நம் ஆசிரியத் தோழர்கள் பெரும்பாலோர் கெடுத்துவிடுகிறார்கள். குழந்தை எழுந்து, "நரி வந்துச்சு" என்று ஆரம்பிக்கும். உடனே "வந்துச்சு அல்ல, வந்தது" என்று வெட்டுவோம். "வந்தது... அப்பால..." "அப்பால் அல்ல, பிறகு." அவ்வளவுதான், குழந்தை உட்கார்ந்துவிடும். நரியும் அங்கேயே நின்றுவிடும். வீட்டுப் பேச்சு தப்பு என்றால், வீடே தப்பு, தாயே தப்பு என்றுதான் அந்தப் பிஞ்சு மனதுக்குப் படும். எழுத்துத் தமிழ் வேண்டியதுதான், அதற்கு வருஷங்கள் இருக்கின்றன. முதலில் வாய் திறக்கட்டும்.

என் வகுப்பில் ஓர் இருளர் வீட்டுப் பையன் ஐந்து மாதம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தான். ஊமையோ என்றுகூட நினைத்தோம். ஒரு நாள் எலி வருகிற கதை ஒன்றைச் சொல்லும்போது, "எலி வயலில் நெல்லைத் தின்றுவிட்டு ஓடிப்போயிற்று" என்றேன். அவன் எழுந்து, "தின்னாது, வளையிலே சேத்து வைக்கும்" என்றான். பிறகு வளைக்கு எத்தனை வாசல், தாத்தா எந்த வாசலில் புகை போடுவார், உள்ளே நெல் எந்த அறையில் இருக்கும் என்று கரும்பலகையில் படமே போட்டுவிட்டான். வாத்தியாருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்று கண்டுகொண்ட பிறகு அவன் வாயை மூட எங்களால் முடியவில்லை. இப்பொழுது திருப்பூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒடியாவும் இந்தியும் பேசுகிற தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் பாட்டி உண்டு, பாட்டியிடம் நரியும் உண்டு.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததல்ல. குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒருவர் இருந்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளிடம் வந்தவர். 1920-ல் பாவநகரில் சிறு குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கி, 1939-ல் காலமானார். அவர் எழுதின 'திவாஸ்வப்னம்' தமிழிலும் வந்திருக்கிறது. அதில் ஒரு வாத்தியார் நான்காம் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பாடத்தை விட்டுவிட்டுக் கதை சொல்ல ஆரம்பிப்பார். மற்றவர்கள் இது என்ன பள்ளிக்கூடமா என்று சிரிப்பார்கள். அந்தக் கதையின் ருசியைக் கொண்டே பிள்ளைகளைப் புத்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். ஆசிரியத் தோழர்கள் அவசியம் வாங்கிப் படிக்க வேண்டும். நம் சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றலைத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் கொண்டுவந்தார்கள். 2022-ல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டத்தில் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கதை சொல்லி முடிந்ததா என்று பதிவு செய்கிற அவசரத்தில், கடைசி வரிசைக் குழந்தை கேட்கிற வடைக் காசுக் கேள்விக்கு நேரம் இருக்கிறதா என்பதை வாத்தியார்தான் பார்க்க வேண்டும். அதற்கு உத்தரவு போட்டு ஆகாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கைபேசியில் பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டால் குழந்தை சோறு உண்ணுகிறது, வாஸ்தவம். ஆனால் கைபேசி, குழந்தை கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்லாது. "அப்புறம்?" என்று கேட்டால் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும்.

கடைசியாக ஓர் ஏற்பாடு. இந்த ஊர்த் தலைமையாசிரியர் அம்மையாரும் இங்கே வந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி மணியில், ஊரில் கதை தெரிந்த பெரியவர்களை அழைத்து முதல் இரண்டு வகுப்புகளுக்கும் கதை சொல்லச் சொல்லலாமென்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் உட்காருகிற பெஞ்சு ஒன்றுதான், கதையை மாத்திரம் முன்கூட்டியே ஒரு தடவை எங்களிடம் சொல்லிக் காட்ட வேண்டும். இதுவரையில் இரண்டு பாட்டிமார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஓர் ஆயா, "சும்மாவா சொல்லணும்? வெத்தலைக்குக் காசு கொடுப்பீங்களா?" என்று கேட்டார்கள். அவசியம் கொடுக்கிறோம் ஆயா என்று சொல்லியிருக்கிறேன். படிப்பகத்துத் தோழர்கள் அந்தச் செலவை ஏற்றுக்கொள்ள வேண்டும்.